தோட்டத்துக்கு அளவெடுத்தவர்

தாம் செய்து முடித்ததைத் தாமே பிரிக்க அஞ்சாத பொறை அரிது. செய்தது கண்ணுக்கு அழகாகவும் அமைந்துவிட்டால் இன்னும் அரிது. அப்பொறை கைவரப் பெற்றவர் கடைத்தெருவின் கோடியில், ஒற்றைக் கதவுக் கடையில் அமர்ந்து தைக்கும் தையற்காரர்.

நாள் முழுதும் அவருக்கு எதிரே இருப்பது வெறுஞ்சுவர். ஊசிமுனையில் தேய்ந்த பார்வை மாலையில் இளைப்பாறும் இடம் ஒன்றே ஒன்று: வீட்டின் பின்புறம், கத்தரியும் தக்காளியும் வெண்டையும் நின்ற சிறு தோட்டம். அவர் முழங்கால் மடங்க மறுத்தது முதல் களையெடுக்கும் வேலை மனைவியின் தலையில் விழுந்தது. பகலெல்லாம் கடையில் இஸ்திரிப் பெட்டி தள்ளிய கை, மாலையில் புல்லோடு மல்லுக்கட்டியது. மணிக்கட்டு வீங்கியது. ஒருநாள் அம்மையார் பிடுங்கிய புல்லை வீசியெறிந்துவிட்டு நிமிர்ந்தார்.

“என்னங்க, இதுக்கு மேல என்னால ஆகாது. தம்பிகிட்ட சொல்லிட்டேன். மழைக்காலம் போனதும் வந்து மொத்தத்துக்கும் சிமெண்ட் பூசிடுவான்.”

தம்பி கொத்தனார்; சொன்னால் செய்துவிடுபவர். தையற்காரர் மனைவியின் மணிக்கட்டைப் பார்த்தார்.

“சரி. மழை விடுற வரைக்கும் நீ அந்தப் பக்கமே போகாத. நான் பாத்துக்கறேன்.”

“குனியவே முடியல, பாத்துக்கறாராம்.”

செடிகளுக்கிடையே எப்போதோ மறந்து வைத்த அட்டைப்பெட்டி ஒன்றின் அடியில் புல் வெளுத்துச் செத்துக் கிடந்ததை அவர் கண்டிருந்தார். வெளிச்சத்தை மறைத்தால் போதும் என்பது அன்றே மனத்தில் தைத்திருந்தது. செருப்புக்கடைக்காரர் தெருவில் எறியும் பெட்டிகளைக் கேட்டு வாங்கி, மக்காத ஒட்டுநாடாவை உரித்தெறிந்து, நீரில் நனைத்தார். முக்காலியை நகர்த்தி நகர்த்தி அமர்ந்து அளவுநாடாவால் அளந்தார்; சுண்ணக்கட்டியால் கோடிட்டார். துணி வெட்டும் கத்தரியை மட்டும் தொடவில்லை. அட்டையில் அதன் கூர் மழுங்கும். பழங்கத்தி ஒன்றால், ஒவ்வொரு தண்டைச் சுற்றியும் சட்டைக்குக் கழுத்து வெட்டுவதுபோல் வட்டம் விட்டு, விளிம்போடு விளிம்பு மயிரிழையும் பிசகாமல் பொருத்தினார். மேலே சருகைத் தூவினார்.

அவ்வழியே வந்த கொத்தனார் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். “என்ன மாமா, தோட்டத்துக்குக் கோட்டு தைக்கறீங்களா?”

“அளவெடுத்தாச்சு மாப்ளே. பித்தான் மட்டும்தான் பாக்கி.”

மழை பிடித்துக்கொண்டது. சற்றே ஓய்ந்த ஒரு மாலையில் அம்மையார் கதவைத் திறந்து பார்த்தார். பொருத்திய கோடுகள்தோறும் புல் முளைத்து நேர்வரிசையில் நின்றது.

“நல்லாத்தான் தச்சிருக்கீங்க. பச்சை நூல்ல.”

தையற்காரர் முக்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, ஒரு கோட்டை விரலால் நீவிப் பார்த்தார். துணியில் ஒருநாளும் மறவாத தையல் விளிம்பை மண்ணில் மறந்திருந்தார். ஒன்றன்மேல் ஒன்று ஏறாத துண்டுகள் எங்கே ஒட்டி நிற்கும்? அழகுக்காக முட்ட வைத்த விளிம்புகள், ஈரம் பட்டதும் விலகி வெளிச்சத்துக்கு வழிவிட்டிருந்தன.

“பிரிச்சுத்தான் தைக்கணும்” என்றார்.

சருகை ஒதுக்கினார். இத்தனை அழகாய்ப் பொருத்தியவற்றை ஒவ்வொன்றாய்ப் பெயர்த்தார். ஒரு சாண் ஏறும்படி மீண்டும் அடுக்கினார். அட்டை போதவில்லை. தெருவெல்லாம் நனைந்து கிடக்க, செருப்புக்கடையிலும் வேறு பெட்டி இல்லை. மறுநாள் கடையின் வெட்டுத்துணி மூட்டையைச் சுமந்து வந்து, ஒவ்வொன்றிலும் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினார்.

“கடையில மிஞ்சுனத வச்சு வீட்டக் கொளுத்தப் போறீங்களா?”

“மக்குமான்னு கேக்கறேன். சாம்பலாப் போனா பருத்தி, மண்ணுக்குப் போகலாம். உருகி மணியாத் திரண்டா ஆகாது.”

அம்மையார் சிறிது நேரம் நின்று பார்த்தார். பிறகு எதிரே அமர்ந்து, நோவில்லாத இடக்கையால் பருத்தியைத் தனியே பிரித்துப் போடத் தொடங்கினார். அத்துணிகள் மடிப்பு மடிப்பாய் நனைந்து, அட்டை எட்டாத இடமெல்லாம் சென்று படுத்தன.

மழை விட்டது. கொத்தனார் சிமெண்ட் மூட்டையோடு வந்து நின்றார். அம்மையார் முன்னே சென்று, சருகை விலக்கி, அட்டையின் ஒரு முனையைத் தூக்கினார். அடியில் புல் இல்லை. பொதபொதவென்ற மண்ணில் மண்புழு நெளிந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாய்த் தலைகாட்டியவற்றைக் கணவர் முக்காலியில் அமர்ந்தபடியே கிள்ளிவிட்டிருந்தார். அம்மையார் அட்டையை மெல்லப் பழையபடி வைத்தார்.

“தம்பி, மூட்டைய இங்க இறக்காத. துவைக்கற எடத்துல தளம் பேந்து கெடக்கு. அதைப் பூசிக் குடுத்துட்டுப் போ.”

“என் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே மாமா.”

“மண்ணு மட்டுமா மாப்ளே, மேல அட்டையும் போட்டிருக்கேன்.”

அன்று மாலை அவர் பார்வை மீண்டும் பச்சையில் இளைப்பாறியது. பக்கத்தில் மனைவி, கையை மடியில் வைத்து, வெறுமனே அமர்ந்திருந்தார்.

இறையருளால் அவ்வீட்டில் மணிக்கட்டு நோவு தணிக; முழங்கால் மடங்கி எழுக; காய்ப்பன காய்க்க, மக்குவன மக்குக; மாலை வெளிச்சம் அவ்விருவர் முன்னே நெடுநேரம் தங்குவதாக.