பள்ளிவாசல் பார்க்கப் போன இரண்டு பேர்

ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் பல் வைத்தியரிடம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தேன். விறைக்க ஊசி போட்டுவிட்டு, பல்லுக்குள் எதையோ தடவினார். கராம்பு மணம் குப்பென்று எழுந்தது. "நோகுதோ அங்கிள்?" என்று உதவிக்கு நின்ற பெண் கேட்டாள். என் கண்ணில் தண்ணீர் வழிந்திருக்கிறது. வாய்க்குள் இரண்டு கையும் ஒரு குழாயும் கிடக்கும்போது எதைத்தான் விளக்குவது? தலையை மட்டும் ஆட்டினேன்.

நொந்தது பல் இல்லை. போன கிழமை மல்வேர்னிலிருந்து துஷா போன் எடுத்திருந்தாள். குகன் அண்ணையின் மகள். அவளுக்குக் கலியாணம். "அங்கிள், அப்பான்ர படம் ஏதும் உங்களிட்ட இருக்கா? நீங்கள் கமராவோட திரிஞ்சனீங்கள் எண்டு அம்மா சொன்னவா." வீட்டில் மிஞ்சியிருப்பது கலியாணப் படம் ஒன்றுதான், அதில் மாலை பாதி முகத்தை மறைத்துவிட்டது. பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். என்ன சொல்வதென்று அன்றிலிருந்து மண்டை காய்கிறது.

கராம்பு மணம் என்றால் எனக்குப் பலெம்பாங். இந்தோனேசியாவில் மூசி ஆற்றின் இரு கரையிலும் கிடக்கிற நகரம். அங்கே சிகரெட்டிலும் கராம்பு போடுவார்கள். தெரு, தோணி, தலையணை எல்லாம் அந்த மணம்தான். கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் எங்களை அங்கே ஓர் அறையில் விட்டிருந்தான். குகன் அண்ணை எனக்கு வழியில்தான் பழக்கம். அவருடைய மனைவி மலர் அக்கா, கைக்குழந்தை துஷாவோடு முன்னமே ரொறன்ரோ போய்ச் சேர்ந்திருந்தார்.

"பகல் முழுக்க அறைக்குள்ள கிடந்தா சனம் சந்தேகப்படும். பழைய பள்ளிவாசல் பாக்க வந்த ஆக்கள் எண்டு சொல்லுங்கோ" என்றான் ஏஜென்சிக்காரன். அத்தாட்சிக்கு என் கழுத்தில் ஒரு கமராவையும் மாட்டினான். பிலிம் கேட்டதற்குச் சிரித்தான். "உமக்கென்ன, உல்லாசப் பயணமோ?"

இப்படியாக, கோயில் திருவிழாவுக்கே சோம்பல்படுகிற நான் பள்ளிவாசல் பள்ளிவாசலாக ஏறி இறங்கினேன். முதல் நாள் பெரிய பள்ளிவாசல். பழைய கூரையில் கும்மட்டம் இல்லை. அடுக்கடுக்காகச் சரிந்து மேலே போகும். அண்ணை அண்ணாந்து பார்த்தார். கால் கழுவினார். பிறகு, முருகன் கோயில் வாசலில் செய்கிற மாதிரியே, மரியாதைக்குச் சேட்டைக் கழற்றினார். அவரைப் பார்த்து நானும் கழற்றினேன். வேறென்ன தெரியும் எங்களுக்கு? வெறும் மேலோடு ஆண்டவன் முன்னால் போய்த்தானே பழக்கம்.

தொழ வந்தவர்கள் திகைத்து நின்றார்கள். வாசல் கூட்டிக்கொண்டிருந்த கிழவர் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். பதறியதில் அண்ணையின் சேட்டு தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. இனிப் பொலிஸ்தான் என்று நினைத்தேன். கிழவர் உள்ளே போய் ஒரு பத்திக் சேட்டைக் கொண்டுவந்தார். மண்ணிறத்தில் மஞ்சள் பூ. ஒன்றும் கேட்காமல், குழந்தைக்குப் போடுவது போல அதை அண்ணைக்கு மாட்டித் தானே பொத்தான் பூட்டினார். அண்ணை அழுதுவிட்டார். ஊரை விட்டு வெளிக்கிட்ட பிறகு எங்களை அன்போடு தொட்ட முதல் கை அது. மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனபோது கிழவர் வாங்கவில்லை.

அதன் பிறகு அண்ணைக்கு அந்தச் சேட்டுத்தான். ஆற்றங்கரைப் பள்ளிவாசலின் கனத்த மரத்தூண்களுக்கு நடுவிலும், பாங்குக்கு முன் அடிக்கிற பெரிய முரசுக்குப் பக்கத்திலும் அதோடுதான் நின்றார். போகுமிடமெல்லாம் சீப்பால் தலையை இழுத்துக்கொண்டு நிற்பார். "வடிவா எடு தம்பி. பிள்ளைக்குக் காட்டோணும்." பிலிம் இல்லையென்று அவருக்கும் தெரியும். ஆனாலும் கிளிக் சத்தம் கேட்கும் வரை கண் வெட்டமாட்டார்.

"எடுத்திட்டியோ?"

"ஓம் அண்ணை."

ஒரு விடியற்காலை தோணி வந்தது. ஆறு கடலில் விழுகிற இடத்தில் கப்பல் நிற்கிறதாம். எனக்கு அப்போது காய்ச்சல். ஏஜென்சிக்காரன் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, "நீர் அடுத்ததில வாரும்" என்று இறக்கிவிட்டான். மஞ்சள் பூச் சேட்டோடு அண்ணை தோணியில் குந்தியிருந்தார். "முதல் போறவன் மற்றவனுக்குச் சோறு போடோணும், சரியோ?" என்று கத்தினார். அந்தத் தோணியைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

நான் வேறு வழியாகப் பார்க்டேலுக்கு வந்து இறங்கினேன். சோறு போட்டது மலர் அக்கா. அவர் இன்னும் பொட்டை அழிக்கவில்லை. கலியாண மண்டபத்தில் படம் வைக்கலாமாம், ஆனால் அதற்கு மாலை போடக்கூடாதாம். மாலை போட்டால் முடிந்துவிடும் அல்லவா?

அந்தப் பள்ளிவாசல்களின் படத்துக்கு ஒரு குறையும் இல்லை. போனில் தட்டினால் எல்லாப் பக்கத்தாலும் வருகின்றன. அண்ணை நின்ற தூணடியில் யார் யாரோ நின்று சிரிக்கிறார்கள். ஒவ்வொருவராகப் பெரிதாக்கிப் பார்த்தேன், விசரன் மாதிரி.

பல் வைத்தியரிடமிருந்து வெளியே வந்து, பஸ்ஸுக்கு நின்றபடியே துஷாவுக்குப் போன் எடுத்தேன். "எல்லா இடத்திலயும் படம் எடுத்தனான் பிள்ளை. கமராவுக்குள்ள பிலிம் இல்லை."

அவள் மெதுவாக, "அப்ப நீங்கள் சொல்லுங்கோ அங்கிள். அவர் பாக்க எப்பிடி இருந்தவர்?" என்றாள்.

சேட்டைச் சொன்னேன். மண்ணிறம், மஞ்சள் பூ. கிழவர் பொத்தான் பூட்டியதைச் சொன்னேன். தலை இழுக்கிற விதத்தைச் சொன்னேன்.

"முகம், அங்கிள்?"

"வாய் விறைச்சுப்போச்சு பிள்ளை. பிறகு எடுக்கிறன்" என்றேன்.

விறைப்பு பின்னேரமே போய்விட்டது. முகம் இன்னும் நினைவுக்கு வரவில்லை.