ஐம்பத்தாறு தேசமும் ஒரு காளியப்பனும்

கடல் தாண்டி வந்த சீமையில், சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் காளியப்பன் காலையில் பால்மரம் சீவுவான். திருவிழா வந்துவிட்டால் கூத்தில் கட்டியக்காரன். ராஜாக்களைப் பேர் சொல்லிச் சபைக்கு அழைக்கிற வேலை. மத்தளம் தட்டியவன் நான். அவன் கிண்டலில் முதலில் மாட்டுகிறவனும் நான்தான், பாவி!

அவனுக்கு ராஜம்மா மேல் உயிர், அவளுக்கும் அப்படியே. அவள் அப்பா ஐயாசாமிக் கங்காணிதான் குறுக்கே நின்றார்.

"ஊர்ல ஒரு சாண் நிலம் இருக்காடா உனக்கு? பொண்ணு கேக்க வந்துட்டான்!"

லால்குடியில் நாலு காணி வைத்திருந்த ஒருவனுக்கு வாக்கும் கொடுத்துவிட்டார். திருவிழா முடிந்ததும் அவளுக்குக் கப்பல்.

1923இல் மாரியம்மன் திருவிழாவின் மஞ்சள் நீராட்டு அன்று, பகலில் சுயம்வரக் கூத்து. வழக்கப்படி ஐம்பத்தாறு தேசத்து ராஜாக்களும் பெண் கேட்டு வரவேண்டும்.

"அங்கம், வங்கம், கலிங்கம்னு எத்தன வருசம்டா கத்துறது? புது ராஜா புடிச்சிட்டு வரேன் பாரு" என்று, தோட்டத்துக் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி தியாகராஜா வீட்டுக்குப் போனான். அவர் மூவாரில் ஏலம் எடுத்த பெரிய உலகப்படம் சுவரில் தொங்கியது. அவர் படிக்கப் படிக்க இவன் மனப்பாடம் செய்தான். படமோ நூற்றைம்பது வருஷப் பழசு. எதற்கென்று இவனும் சொல்லவில்லை, பழசென்று அவரும் சொல்லவில்லை.

கூத்தன்று ராஜகுமாரி வேஷம் கட்டும் அர்ச்சுனனுக்குக் குளிர்காய்ச்சல். யாரும் எதிர்பாராமல் ராஜம்மா விறுவிறுவென்று மேடையேறி மாலையை வாங்கிக்கொண்டாள். கங்காணி துள்ளி எழுந்தார். பூசாரி அவர் கையைப் பிடித்தார்: "ஆத்தா மேடைங்க. ஏறினவள எறக்கக் கூடாது."

காளியப்பன் தொண்டையைச் செருமினான்.

"வெனிசு தேசத்து ராஜா வர்றாரு, பராக்!"

முன்வரிசையில் கிராணிக்குப் பொறுக்கவில்லை. "ஐயோ காளியப்பன், அந்த ராச்சியம் எப்பவோ அழிஞ்சு போட்டுது!"

"கண்டி ராஜா, பராக்!"

"அவரை வெள்ளைக்காரன் பிடிச்சுக்கொண்டு போட்டான்!"

"மராட்டிய ராஜா!"

"அதைக் கொம்பனி விழுங்கிப்போட்டுது!"

"துருக்கி சுல்தான்!"

"அவர் போன வருஷந்தானே ஓடினவர்!"

சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. காளியப்பன் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கே அழுகை வந்தது; கடைசியாக அவளைப் பார்க்கிற நாளில் இப்படியா மானம் போகவேண்டும்?

ராஜம்மா சபையைப் பார்த்துத் திரும்பினாள்.

"இத்தாம் பெரிய தேசமெல்லாம் போயிருச்சாம்பா. லால்குடி நாலு காணி மட்டும் நெலச்சிருமா? இவருகிட்ட ஒண்ணுமே இல்ல. எவன் வந்து என்னத்தப் புடுங்குவான்?"

சொல்லிக்கொண்டே மாலையைக் காளியப்பன் கழுத்தில் போட்டாள்.

ஆத்தா முன்னால் விழுந்த மாலையைக் கழற்ற எவனுக்குத் தைரியம் வரும்? கங்காணி மகளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். மீசை துடித்தது. அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். "அலமாக், அட கடவுளே!" என்று தலையில் கைவைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார் மனுஷன்.

"என்னடா காளியப்பா, முழிக்கிற? எம் மாப்பிள்ள வந்திருக்காருல்ல, பராக் சொல்லுடா!"

அவன் மாலையைப் பிடித்துக்கொண்டு ராஜம்மாவையே பார்த்தான். நான்தான் "பராக்!" என்று கத்தினேன்.