கதிர்காமநாதனின் இரண்டாவது கடிதம்

ஹம்பேர்க்கில் ஒரு தமிழருக்குக் கடதாசிச் சிக்கல் என்றால் கதிர்காமநாதனிடம்தான் போவார்கள். விசா மனு, வீட்டுக்காரனுக்கு எதிரான முறைப்பாடு, எதுவானாலும் அவர் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், எழுதிக்கொடுத்தால் அரசாங்கக் கந்தோர்க்காரர் எழுந்து நின்று வாசிப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியவரும் அவர்தான்.

அறுபத்தாறு வயதில் சிறுநீரகம் கைவிட்டது. கிழமைக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஊசி என்றாலே அவருக்கு உயிர் போய்விடும். அவருடைய நரம்போ தாதிமாரைக் கண்டதும் ஒளிந்துகொள்ளும். இரண்டு மூன்று இடத்தில் குத்தித்தான் சரிவரும். அவ்வளவு நேரமும் கண்ணை மூடி "முருகா, முருகா" என்று முணுமுணுத்தபடி கிடப்பார்.

பங்குனியில் மிர்லாந்த் என்று ஒரு புதுத் தாதி வந்தாள். ஹெயிட்டி நாட்டுக்காரி. கையைப் பிடித்தாள், வாய்க்குள் ஏதோ சொன்னாள், ஒரே குத்து. நுளம்பு கடித்த அளவுகூட நோகவில்லை. வேறு யாராவது என்றால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். இவருக்குச் சந்தேகம் வந்தது. ஹெயிட்டி பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் வீடியோக் கடைக் காலத்தில் பார்த்த ஒரு பேய்ப்படம். அதில் பொம்மைக்கு ஊசி குத்துவார்கள். மிச்சத்தை யூரியூப் சொல்லிக்கொடுத்திருந்தது: துவக்குச்சூடு, கொள்ளை, நிலநடுக்கம்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி யோகத்திடம் சொன்னார். "இஞ்சேர், அவள் மந்திரம் போடுறாள். இல்லாட்டி எப்பிடி நோகாமல் இருக்கும்?"

"நோகாட்டிலும் உங்களுக்குக் குறைதானோ?" என்றாள் யோகம், கறிவேப்பிலையை உருவிக்கொண்டே.

சொல்லைக் கேட்டால் அவர் கதிர்காமநாதன் இல்லை. அன்றே உட்கார்ந்து அழகான டொச்சில் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு ஒரு முறைப்பாடு எழுதினார். "மேற்படி தாதி ஊசி ஏற்றும்போது விளங்காத மொழியில் முணுமுணுக்கிறார். அவருடைய நாட்டின் பழக்கவழக்கங்களை முன்னிட்டு என் பாதுகாப்புக் குறித்து அஞ்சுகிறேன்." ஓர் எழுத்துப் பிழை இல்லை. இரண்டு தரம் வாசித்துத் தானே ரசித்தார்.

அடுத்த கிழமை மிர்லாந்த் கட்டில்களுக்குக் கிட்ட வரவில்லை. மூலையில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வேறொரு தாதி அவரை நாலு இடத்தில் குத்தினாள். கை கத்தரிக்காய் நிறமானது. பொறுப்புத் தாதியிடம் மிர்லாந்தைப் பற்றி மெல்ல விசாரித்தார்.

"நிலநடுக்கத்தின்போது டோர்ச் வெளிச்சத்தில் நரம்பு தேடிப் பழகியவள். அவளைப்போல எங்களில் யாருக்கும் வராது" என்றாள் பொறுப்புத் தாதி. ஆனால் மிர்லாந்துக்குத் தகுதிகாண் காலம் இன்னும் முடியவில்லை. மாதக் கடைசியில் வைத்திருப்பதா, அனுப்புவதா என்று முடிவெடுப்பார்கள். முறைப்பாடு கோப்பில் இருப்பதால் விசாரணை முடியும்வரை அவள் ஊசியைத் தொடக் கூடாது. வேலை போனால் விசா என்னாகும் என்று கதிர்காமநாதனுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

வீட்டில் இதைக் கேட்ட யோகம் அவர் கைக்கு ஐஸ் வைத்துக்கொண்டே சண்டைக்கு வந்தாள். "எண்பத்தஞ்சிலை சாப்பாட்டுக்கடை வழிய ரோசாப்பூ வித்தனீங்கள். கீழ்வீட்டுக்காரி பொலிசுக்கு என்ன எழுதிப் போட்டவள்?"

அந்தக் கடிதம் அவருக்கு மனப்பாடம். 'இந்தத் தமிழர்கள் பூக்கூடைக்குள் போதைத்தூள் கொண்டு திரிகிறார்கள்' என்று ஒரே ஒரு வரி. அதனால் அவருடைய அகதி வழக்கு மூன்று வருடம் இழுபட்டது. அந்த மூன்று வருடமும் யோகம் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்தாள்.

"அந்தக் கீழ்வீட்டுக்காரியும் ஏதும் படம் பாத்திருப்பாள்" என்றாள் யோகம். "நீங்கள் முருகா முருகா எண்டு முணுமுணுக்கிறது ஆருக்கு விளங்குது? அதுக்கு ஆரும் கடிதம் போட்டவையே?"

கதிர்காமநாதனுக்கு வெட்கமாக இருந்தது.

இரண்டாவது கடிதத்துக்கு இரண்டு நாள் பிடித்தது. ஊருக்கெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியவருக்குத் தன்னைப் பற்றி ஒரு வரி வரவில்லை. 'புரிதலில் நேர்ந்த குறைபாடு காரணமாக' என்று தொடங்கினார். யோகத்துக்கு வாசித்துக் காட்டி, அவள் பார்த்த பார்வையில் கிழித்துப் போட்டார். கடைசியில் எழுதியது இவ்வளவுதான்: "நான் எழுதியது அநியாயம். ஹெயிட்டி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஒரு படம் பார்த்திருக்கிறேன். இங்கே எனக்கு நோகாமல் ஊசி போட்டவர் இவர் ஒருவர்தான்."

அதைக் கொடுத்துவிட்டு முதல் கடிதத்தைத் திருப்பிக் கேட்டார். கோப்புக்குள் போன கடதாசி வெளியே வராது என்றாள் பொறுப்புத் தாதி. இதையும் அதற்கு மேலே வைப்பதுதான் அவளால் முடிந்தது.

மாதம் முடிந்து முதல் திங்கட்கிழமை மிர்லாந்த் ஊசித் தட்டோடு அவர் கட்டிலுக்கு வந்தாள். வேலை நிரந்தரமாகிவிட்டது. அவர் மன்னிப்புக் கேட்கத் தொடங்கவும் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"வாசித்தேன். இந்த நாட்டில் இது எனக்கு மூன்றாவது வேலையிடம். மூன்று இடத்திலும் என்னைப் பற்றி ஒரு கடிதம் இருக்கிறது. இரண்டாவது கடிதம் இருப்பது இங்கே மட்டும்தான்."

கதிர்காமநாதன் சட்டைக்கையைச் சுருட்டிக் கையை நீட்டினார். கண் கலங்கிவிட்டது. ஊசி நோகிறது என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்று பார்த்தார். அவள் இன்னும் குத்தவே இல்லை.