துறைமுகத்தோடு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்

“உள்ள எத்தனை பேரு? மூணா? சரி, மூணு பேரும் சுவத்துல சாஞ்சு நில்லுங்க. கயிறெல்லாம் கெட்டியா இருக்கு, விழ மாட்டீங்க. ஞாயித்துக்கிழமை நமக்குத் துறைமுகத்தோட மேட்ச், தெரியுமில்ல?”

இவ்வளவையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டுத்தான் லிஃப்ட் மெக்கானிக் சக்கரத்தில் கை வைப்பார். மொட்டைமாடிக்கு மேலே இருக்கும் மோட்டார் அறையில் காவலாளி பிரேக் நெம்புகோலை அழுத்திப் பிடித்துக்கொள்ள, இவர் இரும்புச் சக்கரத்தைக் கையால் சுற்றி, இரண்டு மாடிகளுக்கு நடுவே தொங்கும் பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார். உள்ளே இருப்பவர்களோடு பேச ஒரு ஃபோன் உண்டு. அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொள்வார். மாட்டிக்கொண்டவர்களுக்குப் பேச்சுக் கொடுத்துப் பதற்றத்தைத் தணிக்க வேண்டும் என்பது கம்பெனியில் சொல்லிக்கொடுத்த பாடம். எதைப் பேச வேண்டும் என்று கம்பெனி சொல்லிக்கொடுக்கவில்லை.

எனவே அவர் கால்பந்து பேசுகிறார். அவருடைய அணி மில் அணி. எந்த வாரம் எந்த அணியோடு ஆட்டமோ, அந்த அணியோடு முன்பு ஆடியதெல்லாம் அந்த வாரத்துப் பேச்சு. மற்ற அணிகள் என்றால் ஒன்றிரண்டு கோல்களுக்குள் பெட்டி தரைக்கு வந்துவிடும். துறைமுக அணி என்றால் அப்படியில்லை. அந்த வாரம் சக்கரம் மெதுவாகச் சுற்றுகிறது என்று ஒரு சந்தேகம் வாடிக்கையாளர்களிடம் இருக்கிறது. அலுவலகக் கட்டடம் ஒன்றில் கணக்குப் பிரிவு மொத்தமும் துறைமுக வாரத்தில் படியேறித்தான் போகிறது. உடம்புக்கு நல்லது என்று காரணம் சொல்கிறார்கள்.

எடுத்த எடுப்பில் மழை ஆட்டத்தைச் சொல்வார். துறைமுகத்தின் கோல்கீப்பர் வழுக்கி விழுந்து கிடக்க, மில் அணியின் பந்து காலியான கோலை நோக்கி உருண்டு, கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் தேங்கிய தண்ணீரில் நின்றுவிட்டது. “நின்னுடுச்சு சார். பஸ்சுக்கு நிக்கிற மாதிரி நின்னுச்சு. எங்காளு ஓடி வர்றதுக்குள்ள அவன் எழுந்து, மூஞ்சியத் துடைச்சுக்கிட்டு, பொறுமையா எடுத்துட்டுப் போனான்.” அடுத்தது ‘அந்த ஞாயிற்றுக்கிழமை’. அதற்கு வேறு பெயர் கிடையாது. எத்தனை கோல் வாங்கினார்கள் என்று யாரும் அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. “அதெல்லாம் நடந்தது நடந்துபோச்சு” என்று சொல்லிவிட்டு இரண்டு சுற்று வேகமாகச் சுற்றுவார்.

விளக்கு அணைந்த ஆட்டத்துக்கு அவரே பொறுப்பு. மில் அணி ஒரு கோல் முன்னால் இருந்தது. திடீரென்று மைதானத்து விளக்கெல்லாம் போய்விட்டது. வெளிச்சம் வராவிட்டால் ஆட்டம் அப்படியே முடிந்ததாக அறிவிக்கப்படும், வெற்றி மில்லுக்கு. ஒலிபெருக்கியில் “மின்வேலை தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?” என்று கேட்டார்கள். அத்தனை ஆயிரம் பேரில் ஒருவர் எழுந்தார். கெட்டுப்போனது ஒன்று கண்ணெதிரே இருக்க, கை கட்டிக்கொண்டு உட்கார அவரால் முடியாது. அது பிறவிக் குணம். ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார், பார்த்தார், சரிசெய்தார். விளக்கு எரிந்ததும் துறைமுகம் வரிசையாக இரண்டு கோல் போட்டது. “நானே வெளிச்சம் போட்டுக் குடுத்து, நானே வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஆனா பாருங்க, அந்த ஃபியூஸ் இன்னிக்கு வரைக்கும் போகல” என்பார். குரலில் வருத்தமும் பெருமிதமும் பாதிப் பாதி.

இதெல்லாம் சும்மா தொட்டுக்கொள்ள. பெரிய கதை ஒன்று இருக்கிறது. அதனால்தான் சக ஊழியர்கள் அவருக்கு ‘ஆஃப்சைடு’ என்று பெயர் வைத்தார்கள்.

கோப்பையைத் தீர்மானிக்கும் ஆட்டம் அது. அணிக்கு ஒரு கோல். முடியப்போகும் நேரம். வாரநாளில் தபால் கொடுத்து, வாரக்கடைசியில் மில்லுக்கு ஆடிய தபால்காரர், நீளமாக வந்த பந்தைத் துரத்தி ஓடி வலைக்குள் தள்ளினார். அரங்கம் எழுந்து நின்றது. அப்போது ஓரத்தில் நின்ற லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கினார். பந்து அடிக்கப்படும் நேரத்தில் எதிரணியின் கடைசித் தடுப்பாளரைத் தாண்டிக் கோலுக்குப் பக்கமாக நம் ஆள் நின்றால் அது ஆஃப்சைடு, கோல் செல்லாது. தபால்காரர் தாண்டி நின்றார் என்றது கொடி. சமனில் முடிந்தாலே போதும் என்றிருந்த துறைமுகத்துக்குக் கோப்பை போனது.

“நான் சரியா நேர்கோட்டுல உக்காந்திருந்தேன் சார். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்தேன். தாண்டவே இல்ல. அந்த லைன்ஸ்மேன் என்ன தொழில் பண்றான் தெரியுமா? மூக்குக்கண்ணாடிக் கடை. கண்ணாடி விக்கிறவனுக்கே கண்ணு தெரியல.” இந்த இடத்தில் பெட்டிக்குள்ளிருந்து சிரிப்பு வரும். சிரிப்பு வந்தால் பயம் போய்விட்டது என்று அர்த்தம். உடனே பெட்டியைத் தளத்துக்குச் சமமாக நிறுத்திக் கதவைத் திறந்துவிடுவார். இதுவரை தவறியதில்லை.

மாட்டிக்கொண்டவர்களிடம் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. அந்த லைன்ஸ்மேன் இவருடைய மனைவியின் அண்ணன்.

அன்றிலிருந்து மச்சானும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்வதில்லை. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. குடும்ப விசேஷங்களில் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். “உங்க அண்ணன்கிட்ட அந்தத் தண்ணிய இப்படித் தள்ளச் சொல்லு” என்பார் இவர், மனைவியிடம். தண்ணீர் மச்சானின் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கும். மச்சான், காதில் விழாததுபோல், தங்கை சொல்லும்வரை காத்திருந்து தள்ளுவார். இவருக்குக் கண்ணாடி தேவைப்பட்டபோது மச்சானின் கடையைத் தாண்டி, இரண்டு பஸ் மாறிப் போய், எங்கேயோ வாங்கினார். அது தப்பான பவர். தலைவலியோடு பல வருடம் அதையே போட்டுக்கொண்டிருந்தார். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

சில மாதங்களுக்கு முன்னால் மச்சானுக்குக் கண்பார்வை போகத் தொடங்கியது. முழுக்க இல்லை. நடுப்பார்வை மட்டும். எதை நேராகப் பார்த்தாலும் அது இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இருக்காது, ஓரங்கள் மட்டும் தெரியும். மருத்துவர்கள் கையை விரித்துவிட்டார்கள். கடையை மகள் பார்த்துக்கொள்கிறாள். மனைவி அழுதபடி இந்தச் செய்தியைச் சொன்னபோது மெக்கானிக் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு செருப்போடு வெகுநேரம் நின்றார் என்று அவள் சொல்கிறாள்.

அதற்குப் பிறகு வந்த முதல் துறைமுக வாரம் இது. இந்த ஆட்டத்தில் தோற்றால் மில் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில், ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே, வக்கீலம்மா ஒருவர் மாட்டிக்கொண்டார். அந்த லிஃப்டில் இதற்கு முன்பும் மாட்டியவர். மழை முடிந்தது, ஃபியூஸ் முடிந்தது, தபால்காரர் ஓடினார், கொடி உயர்ந்தது. அங்கே கதை நின்றது. சக்கரமும் நின்றது.

“அப்புறம்?” என்றது ஃபோன்.

“அப்புறம் என்னம்மா. ஆட்டம் முடிஞ்சுபோச்சு.”

“இல்லையே. கண்ணாடி விக்கிறவருக்கே கண்ணு தெரியலன்னு சொல்வீங்களே. நான் அதை எங்க கோர்ட்டுல கூடச் சொல்லியிருக்கேன்.”

காவலாளி பிரேக்கைப் பிடித்த கை வலிக்க, மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. இருபது வருடமாக ஊரில் பாதிப் பேரைச் சிரிக்க வைத்த வாக்கியம் இப்போது உண்மையாகிவிட்டது, அதனால் அதைச் சொல்ல முடியவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. உள்ளுக்குள் பயமாகவும் இருந்தது, தானே சொல்லிச் சொல்லி வரவழைத்துவிட்டோமோ என்று. இத்தனைக்கும் இயந்திரங்களைத் தவிர வேறெதையும் நம்பாத மனிதர் அவர்.

“ஹலோ, இருக்கீங்களா? எனக்குப் பயமா இருக்கு” என்றார் வக்கீலம்மா.

“இருக்கேம்மா” என்று சொல்லிவிட்டு, பேசாமலேயே சுற்றிப் பெட்டியை இறக்கினார். அவருடைய தொழிலில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணன் ஞாயித்துக்கிழமை மேட்சுக்குப் போகணுங்கறாரு.”

“டிவில பாக்கச் சொல்லு.”

“டிவில பாதி கூடத் தெரியலையாம். மைதானத்துல சத்தமாவது கேக்குமில்லங்கறாரு.”

“யாரு கூட்டிட்டுப் போறது?”

அவள் அவருடைய மில் பனியனை மடித்து, அவர் மடியில் வைத்துவிட்டு, அடுத்த துணியை எடுத்தாள்.

“போறதெல்லாம் சரி. பக்கத்துல உக்காந்து என்ன பேசறது?” என்று கேட்டார்.

“லிஃப்டுல மாட்டுனவங்ககிட்ட வாய் ஓயாம பேசறீங்களே. அவரையும் மாட்டுனவருன்னு நெனச்சுக்கோங்க” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ்சில் போனார்கள். மச்சான் கையைப் பிடிக்கச் சொல்லவில்லை. இவரும் பிடிக்கவில்லை. படி வரும்போது மட்டும் “படி” என்றார். இருபது வருடத்துக்குப் பிறகு அவர்களுக்குள் பரிமாறப்பட்ட முதல் வார்த்தை அது. மைதானத்தில் மெக்கானிக்கின் வழக்கமான இருக்கை பக்கவாட்டில், கோல் பக்கத்தை ஒட்டி இருக்கிறது. மச்சானை இடப்புறம் உட்காரவைத்தார்.

“நேரா திரும்பினா உங்க மூஞ்சி தெரியாது மாப்பிள்ளை. இப்படி உக்காந்தாதான் ஓரத்துல தெரியறீங்க” என்றார் மச்சான், மைதானத்தைப் பார்த்தபடி.

“எனக்கும் இப்படித்தான் வசதி” என்றார் இவர், அதே மைதானத்தைப் பார்த்தபடி.

ஆட்டம் தொடங்கியது. முதலில் பந்து போகும் திசையை மட்டும் சொன்னார். “இடது பக்கம். திருப்பி வலது. வெளிய போச்சு.” லிஃப்ட் எந்த மாடி என்று அறிவிப்பதுபோல இருந்தது. பிறகு யார் அடித்தது, யார் சும்மா நின்றது என்பதெல்லாம் சேர்ந்துகொண்டது. இடைவேளைக்குள் துறைமுகத்தின் கோல்கீப்பருடைய தொப்பை வரைக்கும் வந்துவிட்டார். மச்சான் இரண்டு தடவை சிரித்தார். சிரித்தால் கதவைத் திறந்துவிடும் பழக்கமுள்ளவருக்கு, இங்கே என்ன செய்வதென்று தெரியவில்லை.

இரண்டாம் பாதியில், இரண்டு பக்கமும் கோல் எதுவும் இல்லாத நிலையில், மில் அணியின் முன்கள ஆட்டக்காரர் ஒருவர் நீளமாக வந்த பந்தை வாங்கித் தனியாக ஓடி வலைக்குள் அடித்தார். மொத்தக் கூட்டமும் எழுந்தது. மெக்கானிக்கும் எழுந்து, பாதியில் நின்று, உட்கார்ந்தார். கொடி உயர்ந்திருந்தது.

சுற்றிலும் இருந்த முகங்களில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பின்வரிசையில் ஒருவர் லைன்ஸ்மேனின் பரம்பரையையே இழுத்தார். இன்னொருவர் அவனுடைய கண்ணைப் பற்றிச் சொன்னார். மச்சானின் தோள் சற்று ஒடுங்கியது.

“கொடியா மாப்பிள்ளை?”

“கொடிதான்.”

“சரியா தூக்கினானா?”

மெக்கானிக் நேர்கோட்டில்தான் உட்கார்ந்திருந்தார். நன்றாகவே பார்த்திருந்தார். இல்லை என்று சொல்லியிருக்கலாம், அரங்கமே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் மச்சானின் கையை இழுத்துத் தன் முழங்கால் மேல் மலர்த்தி வைத்தார். மணிக்கட்டு ரேகையைத் தொட்டு, “இது கோல்” என்றார். உள்ளங்கையின் நடுவே தன் ஆள்காட்டி விரலை வைத்து, “இது அவங்க கடைசி ஆளு.” கட்டைவிரலை அதைத் தாண்டி, மணிக்கட்டுப் பக்கமாக வைத்தார். “இது நம்மாளு.”

மச்சான் அந்த இரண்டு விரல்களுக்கும் நடுவே இருந்த இடைவெளியைத் தன் மறு கையால் தடவிப் பார்த்தார். “மைதானத்துல அரை அடி இருக்குமா?”

“இருக்கும்.”

“அப்ப சரியாத்தான் தூக்கியிருக்கான்.”

கூட்டம் கத்தி ஓய்ந்து உட்கார்ந்தது. துறைமுகக்காரர்கள் பந்தை வைத்து மறுபடி அடித்தார்கள். மச்சான் கையை எடுத்துக்கொள்ளவில்லை. அது முழங்கால் மேல் மலர்ந்தே கிடந்தது.

“அன்னிக்கு?” என்றார்.

பந்து இடது பக்கம் போனது. பிறகு வலது பக்கம் போனது. மெக்கானிக் எதையும் அறிவிக்கவில்லை. பனியனின் நுனியை இழுத்து, கரும்பலகையைத் துடைப்பதுபோல், அந்த உள்ளங்கையை ஒரு தடவை துடைத்தார். நடுவில் ஆள்காட்டி விரலை வைத்தார். பிறகு தபால்காரருக்காகக் கட்டைவிரலை எடுத்து, அதை ஒட்டினாற்போல் கொண்டுவந்து, மணிக்கட்டுப் பக்கமாக ஒரு நகத்தளவு தாண்டி வைத்து, மச்சானுக்கு நன்றாகத் தெரியும்படி அழுத்திப் பிடித்தார்.