தாழ்ப்பாள் செயலாளர்

பந்துக்குக் காற்றடித்து முடித்ததும் செயலாளர் அதைக் காதோடு சேர்த்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். கசிவு இல்லை. மனசு ஆறவில்லை. "எவனாவது ஊசி குத்தியிருந்தா?" என்று வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்க்கிறார். குமிழி வராததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

தொழில் வெல்டிங். மாலையானால் பட்டறையைச் சாத்திவிட்டு, தெருப் பெண்பிள்ளைகளின் கால்பந்து கிளப்புக்குச் செயலாளராகிவிடுவார். மைதானத்துக்கு இரும்பு கேட் செய்து போட்டவரும் அவரே. அதில் மேலே, நடுவே, கீழே என்று தாழ்ப்பாள்கள். பிள்ளைகளுக்கு அவர் முகத்துக்கு நேரே "அண்ணா", முதுகுக்குப் பின்னால் "தாழ்ப்பாள்".

டாஸ் போடுமுன் நடுவரின் நாணயத்தை வாங்கிப் புரட்டிப் பார்ப்பார். எதிரணி தரும் தண்ணீரைத் தானே முதலில் குடித்து, சற்று நேரம் தன் வயிற்றைக் கவனிப்பார். எதிரணிப் பயிற்சியாளர் சிரித்துக் கை கொடுத்தால் இன்னும் மோசம். "இவ்ளோ பல்லைக் காட்டறான்னா உள்ள ஏதோ இருக்கு."

அவர் மனைவி சொல்வது: "பொண்ணு பாக்க வந்தப்பவே, என்னோடது நிஜப் பேர்தானான்னு எங்கப்பாவைத் தனியா கூப்பிட்டு விசாரிச்ச ஆளு."

இந்த வருஷம் இறுதி ஆட்டம், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துக் கிளப்போடு. அவர்களை இந்தத் தெரு ஜெயித்ததே கிடையாது. சலூனிலும் மருந்துக்கடையிலும் அதே பேச்சு. கார்னர் கிக்குக்குப் புதிதாக ஒரு வித்தை தயாராகிக்கொண்டிருந்தது. அந்த வாரம் பார்த்துத்தான் வேலிக்கு வெளியே ஒரு ஆள் தினமும் ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்கூட்டரில் அந்தப் பக்கத்துக் கிளப்பின் ஸ்டிக்கர்.

செயலாளர் பின்வழியாகச் சுற்றிப் போய் ஸ்கூட்டர் சாவியை உருவினார்.

"என்ன சார், எல்லாம் பாடம் பண்ணியாச்சா?"

அந்த ஆள் ஹெல்மெட்டைக் கழற்றினார். "கோல்ல நிக்கிறது என் பொண்ணு சார். அவ அம்மாவும் நானும் பிரிஞ்சுட்டோம். என்னைப் பாத்தா கோபப்படுவா. அதான் ஹெல்மெட்டோட நிக்கிறேன்."

"ஸ்டிக்கர்?"

"நான் அங்கதான் குடியிருக்கேன். அண்ணன் பொண்ணு அந்த டீம்ல ஆடறா."

"அப்ப ஞாயித்துக்கிழமை மேட்ச்ல யாருக்குக் கை தட்டுவீங்க?"

அந்த ஆள் ஹெல்மெட் வாரைத் தடவினார். அவர் தாடையில் கோல்கீப்பர் பெண்ணுக்கு இருப்பதுபோலவே ஒரு குழி. குழி யாருக்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று செயலாளருக்குத் தோன்றியது.

உள்ளே ஒரு பந்து வலையில் போய் விழுந்தது. கோல்கீப்பர் அதைப் பார்க்கவே இல்லை, வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையுறையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கத்தினாள்: "எங்கப்பாதாண்ணா. இருக்கட்டும்."

செயலாளர் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். ஒவ்வொரு தாழ்ப்பாளாக நீக்கி அந்த ஆளை உள்ளே விட்டார். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து, அவள் நின்ற கோலைப் பார்த்தபடி போட்டார்.

மறுமுனையில் அந்தப் புது கார்னர் கிக் தொடங்கியது. "அடி, இப்போ!" என்று ஒரு பெண் கூவினாள். நாற்காலியில் இருந்தவரின் கழுத்து லேசாகத் திரும்பியது. பின்னால் நின்ற செயலாளர் அவருடைய இரண்டு தோள்களையும் பிடித்து, மெல்ல, மகள் பக்கமே திருப்பிவிட்டார்.