உரக்கடை மாடியில் கணினி வகுப்பு

எங்கள் வீட்டுக் கணினிக்கு நான் மூன்று ஆயுதபூஜை செய்திருக்கிறேன். சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, திரையின் நெற்றியில் சாமந்திப்பூகூடச் செருகியிருக்கிறேன். ஒருமுறைகூட அதை இயக்கியதில்லை. நான் வரலாற்று ஆசிரியன். மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றும் வேலையைச் சக ஆசிரியர்கள் எனக்காகச் செய்துவிடுவார்கள். பதிலுக்கு அவர்களுடைய தேர்வறைக் காவலை நான் பார்ப்பேன். பண்டமாற்று எப்போது ஒழிந்தது என்று வகுப்பில் நடத்திவிட்டு வந்து இந்தப் பண்டமாற்றைச் செய்வேன்.

போன வருஷத்து நெல் முளைக்காமல் இருந்திருந்தால் இது இப்படியே ஓடியிருக்கும். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அரசுக் கொள்முதல் நிலையத்தில் நெல் போட வேண்டுமானால் முன்கூட்டி இணையத்தில் பதிந்து, நம் முறை வரும் தேதியை வாங்க வேண்டும். "பாத்துக்கலாம்" என்று நான் ஆள் தேடிக்கொண்டிருந்த வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. குவியலின் அடியில் பச்சைப்பசேலென்று முளை. என் மனைவி அதைக் கூடையில் அள்ளி மாட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டாள். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். இந்த வருஷ நெல்லை நானே பதிந்து, மழைக்கு முன் கரை சேர்ப்பது என்று முடிவுகட்டினேன்.

கற்பது எங்கே? முதலில் கைபேசிக் காணொளிகளை நம்பினேன். "வணக்கம் நண்பர்களே" என்று தொடங்குகிறவர், நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் நாலு இடத்தில் அழுத்திவிட்டு "அவ்வளவுதான் நண்பர்களே" என்பார். அது முடிந்ததும் அடுத்தது தானாக வரும். பத்து நாளில், சிறுநீரகக் கல்லுக்கு வாழைத்தண்டு, பரண்மேல் ஆடு வளர்ப்பு ஆகிய இரண்டிலும் ஓரளவு தேறினேன்.

பிறகு தஞ்சாவூரில் ஒரு பெரிய பயிற்சி நிலையம். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், ஆறு மாதப் படிப்பு. வரவேற்பில் இருந்த பெண், "பையனுக்கா சார், பொண்ணுக்கா?" என்று அன்பாகக் கேட்டார். "விசாரிச்சிட்டு வரச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

மிச்சமிருந்தது எங்கள் கடைத்தெருவில் உரக்கடை மாடி. வகுப்பு நடத்துகிற பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். பொறியியல் படித்து, சென்னையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அவருடைய அம்மா ஒரு காலத்தில் எங்கள் வயலில் நடவு நட்டவர். இப்போது அதே வாய்க்காலில் எங்களுக்கு மேல்மடையில் அவர்களுக்குச் சொந்த நிலம். தண்ணீர் முதலில் அவர்களுக்குத்தான் பாயும். முதல் நாள் அவரை "என்னம்மா" என்றேன். கடவுச்சொல் மூன்று முறை தவறிய பிறகு "மேடம்" என்றேன்.

பாடத்திட்டம் என்று ஒன்றும் அவரிடம் இல்லை. "உங்களுக்கு எந்த வேலை ஆவணுமோ அதக் கொண்டாங்க சார், அதுலயே படிச்சிக்கலாம். ஒரே கண்டிஷன், மவுச நான் தொட மாட்டேன்." பக்கத்து நாற்காலியில் ஒரு தையற்கார அம்மா ரவிக்கை அளவுகளை அட்டவணையாக்கிக்கொண்டிருந்தார். நான் கொண்டுபோனது நெல்.

மார்கழி முழுக்க, பள்ளி விட்டால் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மவுஸ் மேசை விளிம்புக்கு வந்துவிட்டபோது இடம் போதவில்லை என்று மேசையை நகர்த்தினேன். "மவுசத் தூக்கி நடுவுல வச்சிக்கலாம் சார்" என்றார் மேடம். தூக்கி வைக்கலாம்! அன்று வீட்டில் ஒரு தம்ளரை வைத்துக்கொண்டு மனைவிக்கு அதைச் செய்தே காட்டினேன். பட்டாவைப் படம்பிடித்து அனுப்பிப் பழகிய நாளில், அது சொன்ன இடத்தில் போய் உட்கார்ந்ததும் "ஏறிடுச்சு!" என்று கத்திவிட்டேன். தையற்கார அம்மா நெஞ்சில் கைவைத்து, "யாருக்கு சார், கரண்டா?" என்றார்.

தையில் அறுவடை இயந்திரம் இறங்கி, நெல் கொள்முதல் நிலையத்துக் களத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மனைவி படுதாவோடு அங்கே, நான் மாடியில். யாரையும் கேட்காமல், தனியாக, எல்லாக் கட்டத்தையும் நிரப்பி அனுப்பினேன். தேர்வில் தேறிய நாளில்கூட அப்படிக் குதித்ததில்லை.

மறுநாள் மதியம் பள்ளியில் இருந்தபோது கிராம நிர்வாக அலுவலர் போனில் பேசினார். "சார், புதுசா நாலு ஏக்கர் எங்க வாங்குனீங்க?"

"நானா?"

"ஆறு ஏக்கர்னு போட்டிருக்கீங்க. பட்டாவுல ரெண்டுதான இருக்கு? தள்ளிட்டேன். திரும்பப் போடுங்க."

எங்கள் பக்கத்தில் நிலத்தை யாரும் ஏக்கரில் பேசுவதில்லை. மா கணக்குதான். மூன்று மா ஓர் ஏக்கர். எங்களுடையது ஆறு மா. கட்டத்துக்கு மேலே 'ஏக்கர்' என்று இருந்ததைக் கண் படித்தது. கை ஆறு என்று அடித்தது.

மேகம் கீழ்வானத்தில் திரண்டிருந்தது. களத்திலிருந்து மனைவியும் போனில், "ஏங்க, காத்து மாறுது" என்றாள். அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மாடிக்கு ஓடினேன்.

"மேடம், இன்னிக்கு மட்டும் நீங்க போட்டுடுங்களேன்."

"அடுத்த வருஷமும் இதான் சொல்லுவீங்க. உக்காருங்க சார்."

"நிதானமா அடிங்க சார், நெல்லு எங்கயும் ஓடாது" என்றார் தையற்கார அம்மா.

"மழ ஓடியாருதேம்மா!"

இரண்டு என்று அடித்து, மேலே ஏக்கர்தானா என்று மூன்று முறை படித்து, அழுத்தினேன். வட்டம் சுற்றியது, சுற்றியது. நான்கு மணிக்குக் கைபேசி கூவியது. ஏற்றுக்கொள்ளப்பட்டது, நாளை காலை. சத்தமாக வாசித்தேன். மேடம் கைதட்டினார், தையற்கார அம்மா கத்தரிக்கோலை மேசையில் தட்டினார்.

மறுநாள் நெல்லின் ஈரப்பதம், நிலையத்தில் எடுத்துக்கொள்ளும் அளவுக்குள் நின்றது. கடைசி மூட்டை தைத்து லாரி ஏறியபின்தான் முதல் தூறல் விழுந்தது. நான் நனைந்துகொண்டே, எந்தக் கட்டத்தில் என்ன போட்டேன், எதை எப்படி அழுத்தினேன் என்று மனைவிக்கு முதலிலிருந்து விளக்கினேன். அவள் படுதாவை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எல்லாம் சரிங்க. மூணு நாளா வெயில்ல நின்னு நெல்லக் கிண்டிக் காயவச்சது யாருன்னு எழுத அதுல ஒரு கட்டம் இருந்தா, அதையும் ரொப்பிடுங்க."