ஏசி வைத்த நகர மன்றம்

கோதிக் கட்டடம் என்றால் என்னவென்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஐரோப்பாவின் பழைய நகர மன்றம் ஒன்றின் படத்தைக் கொடுத்து, பள்ளிக் கண்காட்சிக்கு மாதிரி செய்து வரச் சொல்லியிருந்தார் ஆறாம் வகுப்பு ஆசிரியை. உம்மா படத்தைப் பார்த்துவிட்டு, “இது சர்ச்சுல்ல?” என்றார். அந்தக் காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசிய இடம், இப்போது மியூசியம் என்று நான்தான் விளக்கினேன். நன்றாக வரும் மாதிரிக்குப் பள்ளி நூலகத்தின் கண்ணாடி அலமாரியில் இடம் உண்டு. அந்த இடத்தின் மேல் எனக்கு ஒரு கண்.

வேலை மாமா தலையில் விழுந்தது. துபாயின் அல் கூஸ் பகுதியில் தொழிலாளர் கேம்பில் தங்கி ஏசி வேலை பார்த்த மாமா, லீவு நாளில்தான் சத்வாவில் இருந்த எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். காற்றுக்குழாய் செய்து மிஞ்சிய, வெள்ளித்தாள் ஒட்டிய நுரைப்பலகைத் துண்டுகளைக் கொண்டுவந்து, இரண்டு லீவு நாளும் குனிந்த தலை நிமிராமல் அறுத்து ஒட்டினார். இன்று நினைத்தாலும் மனம் நெகிழ்கிறது. கூர்முனைச் சன்னல்கள், ஊசிக் கோபுரம் எல்லாம் படத்தில் இருந்தபடியே வந்தன. கூடவே, பக்கச் சுவரில் சன்னலுக்கு ஒன்றாக ஆறு குட்டி ஏசிப் பெட்டிகளும் வந்தன.

“படத்துல இது இல்லையே மாமா.”

“மியூசியம்னு சொன்னியேம்மா. உள்ள பழைய சாமான் கெடக்கும்ல. ஏசி இல்லாட்டி வெக்கையில பாழாப்போயிரும்.”

உம்மாவும் தலையாட்டினார். ஏசி இல்லாத கட்டடத்தைத் துபாயில் யார் கண்டது?

கண்காட்சியன்று வகுப்பில் வைத்து ஆறையும் அடிமட்டத்தால் நெம்பி எடுத்தேன். வெள்ளித்தாளும் சேர்ந்து உரிந்து, சுவர் மஞ்சளாகப் பல்லிளித்தது. சரிசெய்ய நேரமில்லை.

மாமா வருவார் என்று நான் நினைக்கவில்லை. டூட்டிக்கு நடுவே பெர்மிஷன் வாங்கிக்கொண்டு, கறை படிந்த கம்பெனிச் சட்டையோடு வந்தார். கட்டடத்தைப் பார்த்தார். ஆசிரியைகள் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது மேஜையை ஒட்டி நின்றுகொண்டார். எனக்கு மானம் போயிற்று.

“தள்ளி நில்லுங்க மாமா.”

“இருக்கட்டும்மா.”

கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன்; அசையவில்லை. எல்லோர் கண்ணிலும் படத்தான் நிற்கிறார் என்று முடிவு கட்டி, அலமாரியில் இடம் கிடைத்த பிறகும் நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாமாவுக்கு நான் நன்றி சொல்லப் பல வருஷமாயிற்று. அன்று கண்காட்சிக்கு வந்திருந்த வாப்பா எடுத்த படம் என் போனில் இருக்கிறது. முன்பக்கம் பளபளக்கிறது, கோபுரம் நிமிர்ந்து நிற்கிறது. உரிந்த சுவரைத்தான் காணவில்லை. அந்த இடத்தில் மாமாவின் சட்டை இருக்கிறது.